பியர் தொட்டியின் இரவுக் காவல்

வெளியூர் லாட்ஜில் காலையில் குளிக்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த அவஸ்தை இது. வெந்நீர்க் குழாயைத் திருகுகிறோம். பச்சைத் தண்ணீர்தான் வருகிறது. இன்னும் கொஞ்சம் திருகுகிறோம், அப்போதும் சில்லென்றுதான் இருக்கிறது. பொறுமை போய் முழுக்கத் திறந்துவிட்டு ஷவருக்கு அடியில் நின்றால், சற்று நேரத்தில் முதுகு வெந்துபோகிறது. பதறிப்போய்க் குழாயை மூடினால் மறுபடியும் நடுக்கம். கீசரில் கோளாறு இல்லை, குழாயிலும் இல்லை. கை செய்ததன் பலன் முதுகுக்கு வந்து சேரச் சில நொடிகள் ஆகின்றன. அதற்குள் அடுத்த திருகு திருகிவிடுகிறோம்.

பெங்களூரின் இந்திரா நகர், கோரமங்களா பக்கம் போனவர்கள், கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் கூம்படித் தொட்டிகளை வரிசையாக நிறுத்திவைத்திருக்கும் பியர் கூடங்களைப் பார்த்திருக்கலாம். அங்கேயே காய்ச்சி அங்கேயே கோப்பையில் ஊற்றிக் கொடுக்கிற இந்தச் சிறு ஆலைகள் 2010-ஐ ஒட்டி அந்த ஊரில் தோன்றத் தொடங்கின. பெரிய ஆலை என்றால் கட்டுப்பாட்டு அறை, மூன்று ஷிப்டு, ஷிப்டுக்கு ஒரு பொறியாளர் என்று இருக்கும். இங்கே காய்ச்சுவதற்கு இரண்டு மூன்று பேர் இருந்தாலே பெரிது. கடை சாத்தியதும் அவர்களும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆனால் தொட்டிக்குள் இருக்கிற ஈஸ்டுக்கு ஷிப்டும் கிடையாது, ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. ஒரு வாரம், பத்து நாள் என்று இரவும் பகலும் அது வேலை செய்துகொண்டே இருக்கும். அந்த இரவுகளில் தொட்டிக்குக் காவல் ஒரு சின்னக் கணினியும் சில உணரிகளும்தான். குளியலறையில் நமக்கு வந்த அதே சிக்கல்தான் அந்தக் கணினிக்கும். நமக்கு நொடிக் கணக்கில் வருவது, அதற்கு நிமிடக் கணக்கிலும் மணிக் கணக்கிலும் வருகிறது.

பார்லியை ஊறவைத்து முளைவிட்டதும் உலர்த்தினால் அது மால்ட். மால்ட்டை உடைத்து வெந்நீரில் ஊறப்போட்டால், முளைக்கும்போது தானியத்துக்குள் உருவான நொதிகள் மாவுப்பொருளைச் சர்க்கரையாக வெட்டித் தள்ளுகின்றன. நொதி என்ற ஒரு பொருளை மனிதர்கள் முதன்முதலில் பிரித்தெடுத்ததே மால்ட்டிலிருந்துதான். 1833-இல் பிரான்சில் பாயன், பெர்சோ என்ற இரண்டு வேதியியலாளர்கள் செய்தார்கள். தண்ணீர் 62 டிகிரி செல்சியஸில் இருந்தால் ஈஸ்ட் தின்னக்கூடிய சிறு சர்க்கரைகள் நிறைய உண்டாகும், பியர் இலேசாக இருக்கும். 68 டிகிரியில் ஊறினால் ஈஸ்ட் தொடாத நீளமான துண்டுகள் மிஞ்சி, பியர் வாயில் கனமாக நிற்கும். ஆறு டிகிரி வித்தியாசத்தில் வேறு பானம்! பிறகு வடிகட்டி, ஹாப் என்ற கசப்புப் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் போலக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, தொட்டியில் ஏற்றி ஈஸ்டைச் சேர்ப்பார்கள். இவ்வளவும் ஒரே நாள் வேலை. ஆள் பக்கத்திலேயே நிற்பார். இயந்திரத்துக்கு இங்கே பெரிய பெருமை ஒன்றும் இல்லை. அதற்குச் சோதனை தொடங்குவது ஆள் கிளம்பிப் போன பிறகு.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் தருகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். மூன்றாவதாக ஒன்றையும் தருகிறது: வெப்பம். ஒரு கிலோ சர்க்கரை நொதித்தால் ஏறத்தாழ 580 கிலோஜூல் வெளிப்படும். 1000 லிட்டர் தொட்டியில் 80 கிலோ சர்க்கரை நொதித்தால், அந்த வெப்பத்தை வெளியே போகவிடாமல் போர்த்திவைத்த தொட்டி தானாகவே 11 டிகிரி ஏறிவிடும். 20-இல் தொடங்கியது 31-க்குப் போய் நிற்கும். சூடு ஏற ஏற ஈஸ்ட் இன்னும் வேகமாகத் தின்னும், அதனால் சூடு இன்னும் வேகமாக ஏறும். அப்படி மட்டுமீறிச் சூடேறிய தொட்டியில் பழவாசனை தருகிற எஸ்டர்கள் அளவுக்கு மேல் போய்விடும். கூடவே ஃப்யூசல் எனப்படும் கனத்த ஆல்கஹால்கள் சேர்ந்து, முகர்ந்தால் பெயின்ட் தின்னர் நினைவுக்கு வரும். ஏல் வகைப் பியருக்கு 18 முதல் 22 டிகிரி, லாகர் வகைக்கு 8 முதல் 13 என்று வரம்பு வைத்திருப்பது இதனால்தான்.

அதனால் தொட்டியைச் சுற்றி இரட்டைச் சுவர் வைத்து, நடுவில் கிளைகால் கலந்த தண்ணீரைப் பூஜ்யத்துக்கும் கீழே குளிர்வித்து ஓடவிடுகிறார்கள். உள்ளே விடுவதும் நிறுத்துவதும் மின்சாரத்தில் திறந்து மூடும் ஒரு வால்வு. தொட்டியின் பக்கவாட்டில் உள்நோக்கி நீட்டிய ஒரு குருட்டுக் குழாய். அதற்குள் வெப்பநிலை உணரி. பெரும்பாலும் அது ஒரு பிளாட்டினக் கம்பி. பூஜ்யம் டிகிரியில் அதன் மின்தடை சரியாக 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். இடையில் எங்கே நிற்கிறது என்று பார்த்து வெப்பநிலையைச் சொல்லிவிடலாம். கணினி படிப்பது மின்தடையைத்தான், மற்றதெல்லாம் அட்டவணை.

எளிய முறை ஒன்று உண்டு. இலக்கு 20 டிகிரி. 20.5-க்கு ஏறினால் வால்வைத் திற, 20-க்கு இறங்கினால் மூடு. சாதாரண வீட்டுக் குளிர்பெட்டி இப்படித்தான் ஓடுகிறது. ஆயிரம் லிட்டர் தொட்டியில் என்ன ஆகும்? வால்வு திறந்ததும் முதலில் எஃகுச் சுவர் குளிர வேண்டும். பிறகு சுவரை ஒட்டிய பியர் குளிர வேண்டும். அந்தக் குளிர் நடுவில் இருக்கிற உணரிக்கு வந்து சேர வேண்டும். அதுவரை உணரி 20.5, 20.6 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். கணினியும் கிளைகாலை ஓடவிட்டுக்கொண்டே இருக்கும். ஒருவழியாக உணரி 20 என்று காட்டி வால்வு மூடும்போது, சுவரோரப் பியர் எவ்வளவோ கீழே போயிருக்கும். இரட்டைச் சுவருக்குள் நிற்கிற கிளைகாலும் உடனே சூடாகிவிடாது. ஆகவே வால்வு மூடின பிறகும் தொட்டி குளிர்ந்துகொண்டே போய் 19, 18.5 என்று இறங்கும். திடீர்க் குளிர்ச்சியில் ஈஸ்ட் சோர்ந்து அடியில் படியத் தொடங்கும். இலக்கைத் தாண்டி ஒரு பக்கமும் மறுபக்கமும் ஆடுகிற இந்த ஊசலாட்டத்துக்குக் காரணம் தாமதம். கணினியின் வேகத்தை நூறு மடங்கு கூட்டினாலும் இது தீராது.

இதற்கான மருந்து பியரிலிருந்து வரவில்லை, கப்பலிலிருந்து வந்தது. நிக்கோலஸ் மினோர்ஸ்கி என்ற, ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த பொறியாளர், கப்பலைத் தானாகத் திசை பிடித்து ஓட்டுவது எப்படி என்று ஆராய்ந்து 1922-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நல்ல சுக்கான்காரர் என்ன செய்கிறார் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. கப்பல் திசையை விட்டு எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும் சுக்கான்காரர் பார்ப்பதில்லை. எவ்வளவு வேகத்தில் திரும்பிக்கொண்டிருக்கிறது என்றும் பார்க்கிறார். காற்றோ நீரோட்டமோ ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தால் அதற்கும் சேர்த்துச் சுக்கானைக் கொஞ்சம் சாய்த்தே பிடித்துக்கொள்கிறார்.

இந்த மூன்று பார்வைகளும் சேர்ந்ததுதான் இன்று தொழிற்சாலைகள் எங்கும் ஓடுகிற பி.ஐ.டி. கட்டுப்பாடு. முதலாவது விகிதம்: இலக்கிலிருந்து இப்போது எவ்வளவு தள்ளியிருக்கிறேன்? நிறையத் தள்ளியிருந்தால் நிறையக் குளிர்வி, கொஞ்சம் என்றால் கொஞ்சம். இரண்டாவது தொகையீடு: எவ்வளவு நேரமாகத் தள்ளியே இருக்கிறேன்? அரை டிகிரிதான் பிழை, ஆனால் நாலு மணி நேரமாக அப்படியே நிற்கிறது என்றால், ஈஸ்ட் தருகிற வெப்பத்துக்கு இப்போதைய குளிர்ச்சி போதவில்லை என்று அர்த்தம், கூட்டு. மூன்றாவது வகையீடு: எந்த வேகத்தில் மாறுகிறேன்? இலக்கை நெருங்கும் வேகம் அதிகமாக இருந்தால், சேருவதற்கு முன்பே கையை எடுத்துவிடு. தாமதத்துக்கு நேர் பதில் இந்த மூன்றாவதுதான். இருக்கும் இடத்தை வைத்து அல்ல, போகும் போக்கை வைத்து முடிவெடுக்கிறது. வால்வுக்குத் திறப்பது, மூடுவது என்ற இரண்டே நிலைதானே, கொஞ்சம் குளிர்விப்பது எப்படி என்று கேட்கலாம். ஐந்து நிமிடத்தை ஒரு சுற்றாக வைத்துக்கொண்டு, அதில் நாற்பது நொடி மட்டும் திறந்தால் அது கொஞ்சம். மூன்று நிமிடம் திறந்தால் அது நிறைய.

வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்கள் நெதர்லாந்தில் தொடங்கிய ப்ரூபை என்ற திறமூல மென்பொருளில் இன்னொரு உத்தி இருந்தது. பழைய குளிர்பெட்டிக்குள் நொதிக்கலனை வைத்து, ராஸ்ப்பெர்ரி பை, ஆர்டுயினோ என்ற மலிவான பலகைகளால் ஆட்டிவைப்பது அதன் வேலை. ஒவ்வொரு முறை குளிர்விப்பை நிறுத்தின பிறகும், வெப்பநிலை இன்னும் எவ்வளவு இறங்கி எங்கே திரும்புகிறது என்று அது பார்த்துக்கொள்ளும். எதிர்பார்த்ததைவிட அதிகம் இறங்கியிருந்தால், அடுத்த முறை முன்கூட்டியே நிறுத்தும். தன் தாமதத்தைத் தானே அளந்து கற்றுக்கொள்கிற முறை. செயற்கை நுண்ணறிவு என்று விளம்பரப்படுத்தாமல் விட்டதற்கே அவர்களைப் பாராட்ட வேண்டும்.

தாமதத்தைச் சமாளித்தாயிற்று. உணரி சொல்வது உண்மைதானா என்பது அடுத்த கேள்வி. நடுவில் ஒரே இடத்தில் குத்திவைத்த கம்பி, ஆயிரம் லிட்டருக்கும் சேர்த்துப் பேசுகிறது. நொதித்தல் மும்முரமாக நடக்கும் நாட்களில் அதை நம்பலாம், ஏனென்றால் கிளம்புகிற கரியமில வாயுக் குமிழிகளே தொட்டியைக் கலக்கிக்கொண்டிருக்கும். சர்க்கரை தீர்ந்து குமிழி அடங்கியதும் கலக்குவதற்கு ஆள் இல்லை. மேலே ஒரு வெப்பநிலை, கீழே ஒரு வெப்பநிலை என்று அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும். இதில் தண்ணீரின் ஒரு விசித்திரக் குணமும் சேர்ந்துகொள்கிறது. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். பியருக்கு அது சற்றுக் கீழே, 3 டிகிரிக்குப் பக்கத்தில். 20-இலிருந்து 5 வரை இறக்கும்போது சுவரோரம் குளிர்ந்த பியர் கனத்துக் கீழே விழும். அந்தப் புள்ளியைத் தாண்டி இன்னும் குளிர்வித்தால், அதிகம் குளிர்ந்தது இலேசாகி மேலே ஏறும்! ஓட்டத்தின் திசையே தலைகீழாகிவிடும். உணரி அடியில் இருந்தால், அது 3 டிகிரி என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, மேலே சுவரோரம் பனி கட்டத் தொடங்கியிருக்கலாம். ஒரே தொட்டியில் மூன்று உயரங்களில் மூன்று உணரிகளை வைத்துப் பார்த்தால் இந்த அடுக்குகள் வரைபடத்தில் தெளிவாகவே தெரியும். சிறு ஆலையில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கும். அந்த ஒன்று எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரிந்தவர்தான் அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தவர்.

வெப்பநிலைக்கு அடுத்து, பியர் காய்ச்சுகிறவரான புரூவர் அறிய விரும்புவது, சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்பது. இதற்கு அடர்த்திதான் வழி. தண்ணீரின் அடர்த்தி 1.000 என்றால், சர்க்கரை கரைந்த சாறு 1.050 போல இருக்கும்; நொதித்து முடிந்ததும் 1.010 பக்கம் வந்து நிற்கும். மிதவைக் குழலைச் சாற்றில் விட்டு, எவ்வளவு அமிழ்கிறது என்று பார்க்கும் முறையை 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் புரூவர்களே கையாண்டார்கள்; 1784-இல் ஜான் ரிச்சர்ட்சன் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். முறை நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் தொட்டியைத் திறந்து ஒரு குவளை பிடிக்க வேண்டும், பிடித்ததைக் கொட்டவும் வேண்டும். நள்ளிரவில் யார் பிடிப்பது?

இதற்கு வந்த நவீன விடை, டார்ச் லைட் அளவே உள்ள ஒரு மிதவை. தொட்டிக்குள் போட்டுவிட்டால் சாய்ந்து மிதக்கும். சாறு அடர்த்தி குறையக் குறையச் சாய்வின் கோணம் மாறும். கைபேசியைத் திருப்பினால் திரையும் திரும்புகிறதே, அதற்குக் காரணமான முடுக்கமானிச் சில்லுதான் இதற்குள்ளும் இருந்து கோணத்தை அளக்கிறது; அளந்ததை வானொலி அலையில் வெளியே அனுப்புகிறது. ஜெர்மனியில் பிறந்த ஐஸ்பிண்டல் என்ற திறமூல வடிவமைப்பை வைத்து யாரும் வீட்டிலேயே இதைச் செய்துகொள்ளலாம். ஆனால் இது அளப்பது கோணத்தை, சர்க்கரையை அல்ல. நுரையும் ஈஸ்டும் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டாலோ, குமிழிகள் அடியில் சேர்ந்து தூக்கினாலோ, சர்க்கரை மாறாமலே கோணம் மாறும். வரைபடத்தில் திடீரென்று ஒரு மேடு தெரிந்தால், ஈஸ்ட் சர்க்கரையைத் திருப்பி உமிழ்ந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. இன்னொரு தொல்லை, ஆலைத் தொட்டிகள் முழுக்க எஃகு. வானொலி அலை எஃகைத் தாண்டாது. பிளாஸ்டிக் வாளியில் அருமையாக வேலை செய்த கருவி, எஃகுத் தொட்டிக்குள் போனதும் ஊமையாகிவிடுவது இதனால்தான்.

அதனால் சில ஆலைகள் உள்ளே கை விடாமல், வெளியேறும் வாயுவை எண்ணுகின்றன. 19-ஆம் நூற்றாண்டில் பிராக் நகரில் கார்ல் பாலிங் என்ற வேதியியல் பேராசிரியர் இதன் கணக்கைப் போட்டுவைத்துவிட்டார்: சுமார் 2.07 கிராம் சாறுச்சத்து நொதித்தால் 1 கிராம் ஆல்கஹால், 0.96 கிராம் கரியமில வாயு, 0.11 கிராம் ஈஸ்ட். வெளியே போன வாயு தெரிந்தால் உள்ளே தீர்ந்த சர்க்கரை தெரிந்துவிடும். முதலில் எழும் வாயு பியரிலேயே கரைந்து தங்கிவிடுவதால் தொடக்கக் கணக்கு கொஞ்சம் குறைவாகக் காட்டும். மென்பொருள் அதைத் திருத்திக்கொள்ளும். வேறு சில ஆலைகள் இரண்டு உயரங்களில் அழுத்தத்தை அளந்து, வித்தியாசத்திலிருந்து அடர்த்தியைக் கண்டுபிடிக்கின்றன. சாய்வு, வாயு, அழுத்தம் மூன்றும் வெவ்வேறு விதமாகப் பொய் சொல்லக்கூடியவை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு முறைகள் ஒரே விடையைத் தந்தால், அந்த விடையை நம்பலாம்.

எந்த மலிவு உணரிக்கும் எட்டாத ஒன்றும் உண்டு. நொதித்தல் நடக்கும்போது டயசெட்டில் என்ற பொருள் உண்டாகிறது. ஒரு லிட்டரில் 0.1 மில்லிகிராம் இருந்தாலே, குறிப்பாக லாகரில், உருக்கிய வெண்ணெய் வாசனை அடிக்கும். கடைசிக் கட்டத்தில் வெப்பநிலையைச் சில டிகிரி கூட்டினால் ஈஸ்டே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அடர்த்தி இவ்வளவுக்கு வந்ததும் இவ்வளவு டிகிரி ஏற்று என்று மென்பொருளுக்குச் சொல்லிவைக்கலாம். ஆனால் உறிஞ்சி முடிந்ததா என்பதை யார் சொல்வது? புரூவர் இரண்டு மூடிய குப்பிகளில் பியர் பிடிக்கிறார். ஒன்றை அப்படியே வைக்கிறார், மற்றதை 60 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் போல வைத்து ஆறவிடுகிறார். டயசெட்டிலாக மாறக் காத்திருக்கும் மூலப்பொருள் மிச்சமிருந்தால், சூட்டில் அது மாறிவிடும். மூடியைத் திறந்து இரண்டையும் மாற்றி மாற்றி முகர்கிறார். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் வந்தால், வரைபடம் முடிந்தது என்று சொன்னாலும் தொட்டிக்கு இன்னும் இரண்டொரு நாள் வேண்டும். இந்த மூக்குச் சோதனையின் விடையை யாரோ ஒருவர் விசைப்பலகையில் தட்டித்தான் மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும்.

தட்டி வைப்பதில்தான் பெரும்பயன் என்பது என் கணிப்பு. மால்ட் எந்த மூட்டை, தண்ணீர் எத்தனை டிகிரி, ஈஸ்ட் எத்தனையாவது தலைமுறை, எந்த மணிக்கு என்ன அடர்த்தி என்று ஒவ்வொரு காய்ச்சலுக்கும் பதிவு இருந்தால், போன மாதம் ஏன் நன்றாக வந்தது என்று கேட்கலாம். ஆனால் இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. சிறு ஆலை ஒரே பியரை ஆண்டுக்கு எட்டோ பத்தோ முறைதான் காய்ச்சும். புது ஈஸ்டில் செய்த மூன்று காய்ச்சல் பழையதைவிட மேல் என்று வரைபடம் காட்டினால், அது ஈஸ்டின் குணமா, தற்செயலா? இந்தக் கேள்வியைக் கேட்டவரும் ஒரு பியர் ஆலைக்காரர்தான். டப்ளினில் கின்னஸ் ஆலையில் 1899-இல் சேர்ந்த வில்லியம் காசெட், கையில் இருக்கிற நாலைந்து அளவீடுகளிலிருந்து எவ்வளவு தூரம் முடிவு கட்டலாம் என்று கணக்கிட்டு, 1908-இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்டார். இன்று மருந்துச் சோதனை முதல் வேளாண் ஆராய்ச்சி வரை பயன்படும் டி-சோதனை அதுதான். ஆலை மென்பொருள்களில் வண்ண வரைபடங்களுக்குக் குறைவில்லை. மூன்று காய்ச்சலை வைத்து இதைச் சொல்ல முடியாது என்று எச்சரிக்கிற பொத்தானைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

கடைசியாக, காவல்காரனே ஏமாந்துபோகிற சந்தர்ப்பம். தொட்டியின் வெளிப்புறத்தைக் கழுவும்போது கை பட்டு, உணரி குழாயிலிருந்து நழுவி வெளியே தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அது இப்போது அளப்பது அறையின் 28 டிகிரியை. இலக்கு 20. கணினிக்கு என்ன தெரியும்? எட்டு டிகிரி பிழை என்று வால்வை முழுக்கத் திறந்து, விடியும் வரை கிளைகாலை ஓடவிடும். விகிதம், தொகையீடு, வகையீடு மூன்றும் பிசகின்றி வேலை செய்யும். காலையில் ஈஸ்ட் குளிரில் சோர்ந்துபோய் அடியில் கிடக்கும். சரியான வால்வு மின்சாரம் போனால் தானாக மூடிக்கொள்ளும், நல்ல கட்டுப்பாட்டுக் கருவி இணையம் போனாலும் தானாக ஓடும். இந்த ஆபத்துக்கு அந்த இரண்டுமே உதவாது.

உதவுவது பள்ளிக்கூட இயற்பியல். 20-இல் இருந்த அளவு ஒரே நிமிடத்தில் 28 ஆயிற்று. ஆயிரம் லிட்டரை எட்டு டிகிரி ஏற்ற ஏறத்தாழ 33,600 கிலோஜூல் வேண்டும். ஒரு நிமிடத்தில் அதைத் தர 560 கிலோவாட் அடுப்பு வேண்டும். அதாவது ஐந்நூறுக்கு மேற்பட்ட இஸ்திரிப் பெட்டிகளை ஒரே நேரத்தில் போட வேண்டும். ஈஸ்டால் அது முடியாது. ஆகவே மாறியது பியர் அல்ல, உணரியின் இடம். தொட்டியால் மாற முடியாத வேகத்தில் எண் மாறினால் வால்வை மூடிவிட்டுப் புரூவரைக் கைபேசியில் எழுப்பு என்ற கட்டளையை எழுத நாலைந்து வரி நிரல் போதும். கருவி வாங்கப் போகிறவர்கள், திரை எவ்வளவு பெரியது என்று கேட்பதற்கு முன்னால், கடையிலேயே உணரியை வெளியே உருவி ஒரு கோப்பை வெந்நீரில் போட்டு, அது என்ன செய்கிறது என்று பார்க்கலாம்.